நூறு வீட்டுத் தெருவுக்கு ஓர் உரக்கூடம்: எதை முதலில் செய்வது, எதைக் கடைசியில் செய்வது

தெருமுனைக் குப்பைக்குத் தீ வைப்பவரைத் திட்டிப் பயனில்லை. சாப்பாட்டு மிச்சமும் பிளாஸ்டிக்கும் ஒன்றாகக் கிடந்து நாறும்போதுதான் யாரோ ஒருவர் தீக்குச்சி கிழிக்கிறார். ஈரக் குப்பையைப் பிரித்து எடுத்துவிட்டால் நாற்றம் போகும். நாற்றம் போனால் தீ வைக்கும் காரணமும் போகும். எரிக்காமல் லாரியில் ஏற்றி அனுப்பினாலும் பிரச்சினை ஊருக்கு வெளியே இடம் மாறுகிறதே தவிர தீர்வதில்லை. குப்பை மேட்டின் அடியில் அமுங்கும் ஈரக் குப்பை, காற்றில்லாமல் அழுகி மீத்தேன் வாயுவாகிறது. 2022 ஏப்ரலில் சென்னையின் பெருங்குடிக் குப்பை மேடும் 2024 ஏப்ரலில் கோவையின் வெள்ளலூர்க் குப்பை மேடும் நாள்கணக்கில் புகைந்ததைப் பார்த்தோம். அப்படி எரிகிற மேடுகளுக்குள் நம் சமையலறைக் கழிவும் இருக்கிறது.

ஈரக் குப்பையைத் தெருவிலேயே உரமாக்கும் கூடம் அமைப்பதற்கான இந்த வழிகாட்டி, 80 முதல் 120 வீடுகள் உள்ள ஒரு தெருவுக்கோ நகருக்கோ உரியது. கணக்குகள் எல்லாம் 100 வீட்டுக்கு. பெரும்பாலான முயற்சிகள் முறை தெரியாமல் தோற்பதில்லை, வரிசை மாறித் தோற்கின்றன. பணம் சேர்ந்ததும் முதல் வேலையாக உரத் தொட்டி கட்டுகிறார்கள். மறுநாளே கலந்த குப்பை வந்து சேர்கிறது. மூன்றாவது வாரம் புழு, நாலாவது வாரம் பக்கத்து வீட்டுப் புகார், ஆறாவது வாரம் பூட்டு. தொட்டி கிட்டத்தட்டக் கடைசி வேலை. அதற்கு முன் ஆறு வேலைகள் இருக்கின்றன.

1. தொடங்கும் மாதத்தைத் தேர்ந்தெடுங்கள்

ஜனவரியில் தொடங்குங்கள். உரம் ஆவதற்கு ஈரக் குப்பை எவ்வளவு வேண்டுமோ, கொள்ளளவில் காய்ந்த சருகும் கிட்டத்தட்ட அவ்வளவு வேண்டும். வேம்பும் புங்கனும் தூங்குமூஞ்சியும் இலை உதிர்ப்பது தை முதல் பங்குனி வரை. அந்தச் சருகைத் தவறவிட்டால் அடுத்த பருவம் வரை காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டும்.

ஜனவரியில் எடையும் அனுமதியும். பிப்ரவரி, மார்ச்சில் தரம் பிரிக்கும் பழக்கமும் சருகு சேமிப்பும். ஏப்ரலில் தொட்டி. மே மாதம் முதல் நிரப்பு. இப்படிப் போனால் ஐப்பசி மழை இறங்குவதற்குள் ஆளும் தெருவும் பழகியிருப்பார்கள். அக்டோபரில் புதிதாகத் தொடங்கினால் எங்கும் ஈரம், எங்கும் சருகில்லை. கற்றுக்கொள்ள அதைவிடக் கடினமான பருவம் கிடையாது.

2. ஏழு நாள் எடை போடுங்கள்

எல்லா வீட்டையும் எடை போட வேண்டாம். பெரிய குடும்பம், சின்னக் குடும்பம், வாடகை வீடு, முதியவர்கள் மட்டும் இருக்கும் வீடு என்று கலந்து 20 வீடுகளைத் தேர்ந்தெடுங்கள். ஒரு தொங்கு தராசு போதும். ஈரக் குப்பையை மட்டும், ஞாயிறு உட்படத் தொடர்ந்து 7 நாள் எடை போட்டுக் குறித்து வையுங்கள். ஞாயிற்றை விடக் கூடாது, கறியும் மீனும் சமைக்கும் நாளில் அளவு கூடும், குப்பையின் தன்மையும் மாறும்.

இந்த வழிகாட்டி ஒரு வீட்டுக்கு நாளைக்கு அரை கிலோ, 100 வீட்டுக்கு 50 கிலோ என்று வைத்துக்கொள்கிறது. உங்கள் தெருவின் எண் வேறாக இருந்தால் கீழே வரும் எல்லா அளவையும் அதே விகிதத்தில் கூட்டிக் குறையுங்கள்.

கடைகளைத் தனியாகக் கணக்கிடுங்கள். ஒரே ஒரு மெஸ் இருபது முப்பது வீட்டுக் குப்பையைத் தந்துவிடும். அதுவும் சாம்பாரும் கஞ்சியும் கலந்த தண்ணீர்க் குப்பை. முதல் ஆறு மாதத்துக்கு மெஸ், இளநீர்க் கடை, கோழிக் கடை மூன்றையும் சேர்க்காதீர்கள். மனம் இளகிச் சேர்த்துக்கொண்ட ஒரு மெஸ்ஸால் மொத்தத் தொட்டியும் புளித்துப் போகும்.

3. இடம், அனுமதி, பக்கத்து வீடு

ஆறு தொட்டி, சருகு மூட்டை அடுக்கும் இடம், சலிக்கும் இடம் எல்லாம் சேர்த்து 600 சதுர அடி வேண்டும். ஏறக்குறைய ஒன்றரை சென்ட். பூங்காவின் ஒரு மூலை அல்லது மனைப்பிரிவில் பொதுப் பயன்பாட்டுக்கு ஒதுக்கிய நிலம் பொருத்தம். கிணற்றிலிருந்தும் ஆழ்துளைக் கிணற்றிலிருந்தும் 50 அடியாவது தள்ளி இருக்கட்டும். குளக்கரை, வாய்க்கால் ஓரம் வேண்டவே வேண்டாம். ஒரு மழையில் தொட்டிக் கசிவு முழுவதும் நீரில் இறங்கிவிடும்.

அனுமதியை எழுத்தில் வாங்குங்கள். நகரமானால் வார்டு கவுன்சிலர் வழியாகப் பகுதி சபாவில் வைத்து, அதன் நகலுடன் நகராட்சிக்கோ மாநகராட்சிக்கோ விண்ணப்பியுங்கள். ஊராட்சியானால் கிராம சபையில் தீர்மானமாக வையுங்கள். தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ஆறு கிராம சபைகள் நடக்கின்றன, ஜனவரி 26 அவற்றில் முதலாவது. துப்புரவு ஆய்வாளர் மாறுதலாகிப் போனால் வாய்வார்த்தை அனுமதியும் அவரோடு போய்விடும்.

கையெழுத்தைவிடப் பெரிய அனுமதி, இடத்தை ஒட்டிய நாலு வீட்டுக்காரர்களுடையது. அவர்களிடம் கடைசியாகப் போய்ச் சொல்வதுதான் வழக்கமான தவறு. முதலில் போங்கள். நாற்றம் வந்தால் யாரைக் கூப்பிடலாம், எத்தனை மணி நேரத்தில் சரி செய்வீர்கள் என்பதை எழுதிக் கொடுங்கள். கூடத்தின் ஒரு சாவியை அவர்களில் ஒருவரிடமே கொடுத்துவிடுவது இன்னும் நல்லது.

4. ஆள், கூலி, பாதுகாப்பு

நாளுக்கு 50 கிலோ என்றால் ஒருவருக்கு மூன்றரை முதல் நாலு மணி நேர வேலை. சேகரிக்க ஒன்றரை மணி, நறுக்கி நிரப்ப ஒரு மணி, மிச்சம் கிளறுதலும் சுத்தமும். இதைத் தன்னார்வலர்களை நம்பித் தொடங்காதீர்கள். முதல் மாத உற்சாகத்தில் பத்துப் பேர் வருவார்கள், தேர்வு மாதத்தில் ஒருவரும் வரமாட்டார். தன்னார்வலர்களுக்கு வேறு வேலை இருக்கிறது, அது ஐந்தாம் பகுதியில் வருகிறது.

அன்றாட வேலைக்குக் கூலி கொடுத்து ஒருவரை அமர்த்துங்கள். அவர் விடுப்பு எடுக்கும் நாளுக்கு இன்னொருவரையும் முன்பே பழக்கி வையுங்கள். மாதக் கூலியோடு அதில் கால் பங்கைச் செலவுக்குச் சேர்த்து நூறால் வகுத்தால் ஒரு வீட்டின் பங்கு வரும். வசூல் ஒரு நாள்கூடத் தாமதிக்காத இரண்டு மாதத்துக்குப் பிறகு கொத்தனாரைக் கூப்பிடலாம்.

முழங்கை வரை வரும் ரப்பர் கையுறை இரண்டு ஜோடி, கம் பூட்ஸ், முகக்கவசம், சோப்பு, கைகழுவும் குழாய், டெட்டனஸ் தடுப்பூசி. இவற்றில் ஒன்று குறைந்தாலும் வேலையைத் தொடங்கக் கூடாது. கலந்த குப்பையைக் கையால் பிரிக்கும் வேலையை அவருக்கு ஒருபோதும் கொடுக்காதீர்கள். பிரிக்க வேண்டியது வீடு. அடுத்தவர் வீட்டு நாப்கினையும் உடைந்த கண்ணாடியையும் இன்னொரு மனிதர் கையால் பொறுக்குவதில்தான் ஒரு திட்டம் ஓடுகிறது என்றால் அது ஓடாமல் இருப்பதே மேல்.

ஏற்கெனவே தெருவுக்கு வரும் தூய்மைப் பணியாளரிடம் முதல் வாரமே பேசுங்கள். பால் கவர், அட்டை, பாட்டில் விற்று அவருக்கு ஒரு சின்ன வருமானம் இருக்கலாம். அதை நீங்கள் எடுத்துக்கொண்டால் தெருவில் முதல் எதிர்ப்பு அங்கிருந்துதான் வரும், அதில் நியாயமும் இருக்கும். உலர் குப்பையின் விற்பனைப் பணம் அவருக்கே என்று முடிவு செய்துவிடுங்கள்.

5. தொட்டியே இல்லாமல் ஆறு வாரம் தரம் பிரியுங்கள்

இந்த முயற்சியின் முதுகெலும்பு இந்த ஆறு வாரம். இங்கே அவசரப்பட்டதை வேறெங்கும் ஈடுகட்ட முடியாது.

ஒவ்வொரு வீட்டிலும் மூன்று இடம் வேண்டும். மூடி போட்ட 10 லிட்டர் வாளி, ஈரக் குப்பைக்கு. ஒரு சாக்கு, உலர் குப்பைக்கு. மூன்றாவதாக ஒரு சின்ன டப்பா, நாப்கின், டயபர், மருந்து, பேட்டரி, பல்பு, ஊசி போன்றவற்றுக்கு. 2016-ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகளும் வீட்டுக் குப்பையை மூன்றாகத்தான் பிரிக்கச் சொன்னன. நாப்கினைச் செய்தித்தாளில் சுற்றிச் சிவப்புப் பேனாவால் ஒரு புள்ளி வையுங்கள். இன்சுலின் ஊசிகளைக் கெட்டியான பாட்டிலில் போட்டு மூடி வையுங்கள். வண்டிக்காரர் கையில் ஊசி குத்தினால் அதற்கு மாற்று மருந்து மன்னிப்பு அல்ல.

ஈர வாளிக்குள் பிளாஸ்டிக் பை போடக் கூடாது, செய்தித்தாள் விரித்தால் போதும். 'மக்கும் பை' என்று அச்சிட்டு விற்கும் பைகளும் வேண்டாம். அவற்றில் பல, பெரிய உர ஆலைகளின் நீடித்த சூட்டில்தான் மக்கும், நம் தொட்டியில் கிழிந்து துணுக்காகி உரத்தோடு கலக்கும்.

ஈர வாளியில் தவறாக வந்து சேரும் பொருட்கள் தெருவுக்குத் தெரு ஒன்றுதான்: நைலான் நூலில் கட்டிய பூமாலை, டீத்தூளோடு ஷாம்பு பாக்கெட், பிளாஸ்டிக் பூசிய பேப்பர் கப், பழத்தில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கர், துடைத்துப் போட்ட ஈரத்துணி. பிளாஸ்டிக் பூசிய பேப்பர் கப்பும் தட்டும் 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை செய்யப்பட்ட பொருட்களில் அடங்கும். பார்க்கக் காகிதம் போல இருப்பதால் எல்லாரும் மக்கும் என்றே நினைக்கிறார்கள். தேங்காய் ஓடு, மட்டை, மாங்கொட்டை, எலும்பு இவை மக்கும், ஆனால் நம் தொட்டியில் உரம் ஆகும் 45 நாளில் மக்காது. தனி மூட்டையாக வாங்குங்கள்.

தன்னார்வலர்களின் வேலை இங்கே. காலை ஆறரை முதல் எட்டு வரை, வண்டியோடு ஒருவர் கூடவே நடக்க வேண்டும். வீட்டு வாசலில் வாளியைத் திறந்து பார்த்து, கலந்திருந்தால் அங்கேயே எடுத்துக் காட்ட வேண்டும். துண்டுப் பிரசுரம் கொடுத்துவிட்டு நகர்ந்தால் ஒன்றும் மாறாது. கண் முன்னால் ஒரு முறை எடுத்துக் காட்டினால் பெரும்பாலான வீடுகள் மாறிவிடும். வடமாநிலத் தொழிலாளர்கள் இருக்கும் வீடுகளுக்குப் படம் போட்ட அட்டை கொடுங்கள். வேலைக்கு வரும் அக்காவுக்கும் தனியாகச் சொல்லுங்கள். பல வீடுகளில் வாளியை நிரப்புவது அவர்தான், கூட்டத்துக்கு வந்து தலையாட்டுவது வீட்டுக்காரர்.

முதல் இரண்டு வாரம் சொல்லிக் கொடுங்கள். அடுத்த இரண்டு வாரம் கலந்த வாளியில் மஞ்சள் சீட்டு ஒட்டுங்கள். ஐந்தாம் வாரம் முதல் கலந்த வாளியை எடுக்காமல் வைத்துவிட்டு வாருங்கள். இந்த வரிசையை மாற்றி முதல் வாரமே மறுத்தால், குப்பை இரவோடு இரவாகத் தெருமுனைக்குப் போய்விடும்.

ஒரு நோட்டில் வீட்டு எண் வாரியாகத் தினமும் சரி அல்லது தவறு என்று குறியுங்கள். 100-இல் 80 வீடு 14 நாள் தொடர்ந்து சரியாகக் கொடுத்தால் தொட்டி வேலையைத் தொடங்கலாம். 60-இல் நின்றால் இன்னும் இரண்டு வாரம் நடங்கள். இந்த ஆறு வாரமும் பிரித்த ஈரக் குப்பையை நகராட்சியின் நுண் உர மையத்துக்கே அனுப்புங்கள். அனுப்புகிற லாரியில் எல்லாம் மறுபடி ஒன்றாகக் கொட்டப்படுவதை மக்கள் பார்த்தால் பழக்கம் அன்றே செத்துவிடும், ஆகவே எடுத்துச் செல்லும் வண்டியைத் துப்புரவு ஆய்வாளரிடம் முன்கூட்டியே பேசி உறுதி செய்யுங்கள்.

6. சருகைச் சேமியுங்கள்

காய்கறிக் கழிவில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர். தழைச்சத்தும் (நைட்ரஜன்) அதிகம். சருகில் கரிச்சத்து (கார்பன்) அதிகம், தண்ணீர் இல்லை. இரண்டும் சேர்ந்தால்தான் ஒரு பங்கு தழைச்சத்துக்கு 25 முதல் 30 பங்கு கரிச்சத்து என்ற அளவு கிடைக்கும். நுண்ணுயிர்கள் அந்த விகிதத்தில்தான் வேகமாக வேலை செய்யும். சருகு காற்றுக்கும் வழி விடுகிறது.

எடையில் நாலு பங்கு ஈரக் குப்பைக்கு ஒரு பங்கு சருகு. 50 கிலோவுக்கு 12 கிலோ. மழைக்கால 90 நாளுக்கு மட்டும் ஒரு டன்னுக்கு மேல் வேண்டும். அரிசிச் சாக்கில் மிதித்து நிரப்பினால் ஒரு சாக்குக்குப் பத்துப் பதினோரு கிலோ பிடிக்கும், ஆக நூறு சாக்கு. இதைக் கேட்டதும் மலைப்பாக இருக்கும். ஆனால் பூங்கா, பள்ளி மைதானம், கோயில் பிரகாரம் மூன்றிலும் மாசி, பங்குனியில் பெருக்கி எரிக்கிற சருகைக் கேட்டு வாங்கினாலே இது சேர்ந்துவிடும். அந்தப் புகையும் நின்றுவிடும்.

நன்றாகக் காய்ந்த பிறகே மூட்டை கட்டுங்கள். பலகை மேல் அடுக்கித் தார்ப்பாய் போடுங்கள். போதாதபோது தென்னை நார்க்கழிவு வாங்கிக் கலக்கலாம், ஈரத்தை நன்றாக உறிஞ்சும். மரத்தூள் தனியாகப் போட்டால் நெருங்கிக் காற்றை அடைக்கும், சருகோடு கலந்தால் சரி. பிளைவுட் தூள் வேண்டாம், அதில் பசை இருக்கிறது. உமி மக்க வெகுநாள் ஆகும், காற்றுக்காகக் கொஞ்சம் சேர்க்கலாம்.

7. இப்போது தொட்டி

உள்ளளவு 4 அடி நீளம், 3 அடி அகலம், மூன்றரை அடி உயரம். இது 42 கன அடி, ஏறக்குறைய 1,190 லிட்டர். ஒரு நாள் குப்பையும் சருகும் கலந்தால் 180 லிட்டர் வரும். ஆனால் தினமும் அமுங்கிக்கொண்டே போகும் என்பதால் ஒரு தொட்டி நிரம்ப எட்டு முதல் பத்து நாள் ஆகும். ஒன்று நிரம்பிக்கொண்டிருக்க, நாலு வெவ்வேறு நிலையில் சூடேறி மக்கி வெந்துகொண்டிருக்க, ஒன்று கிளறி மாற்றுவதற்குக் காலியாக இருக்க வேண்டும். அதனால்தான் ஆறு. செலவைக் குறைக்க நாலு கட்டினால், வேகாத உரத்தை வெளியே எடுக்க வேண்டி வரும்.

மூன்று மூன்றாக இரு வரிசை, முகம் பார்த்து, நடுவில் தள்ளுவண்டி போக 5 அடி வழி. தொட்டியை இதைவிடப் பெரிதாகக் கட்டாதீர்கள், நடுவில் காற்று போகாது. இதைவிட ரொம்பச் சின்னதாகவும் வேண்டாம், சூடு நிற்காது.

கொத்தனாரிடம் சொல்ல வேண்டியவை: முதல் இரண்டு வரி செங்கல் அடைத்து, அதற்கு மேல் ஒரு வரி விட்டு ஒரு வரி செங்கலுக்கும் செங்கலுக்கும் 2 அங்குல இடைவெளி. பூசக் கூடாது. எத்தனை சொன்னாலும் அழகுக்காகப் பூசிவிடுவார்கள், பக்கத்தில் நின்று பாருங்கள். முன்பக்கம் சுவர் வேண்டாம். இருபுறமும் பள்ளம் விட்டு, மேலிருந்து செருகி எடுக்கும் பலகை போடுங்கள், கிளறும்போது கழற்றலாம். தரை சிமெண்ட், 4 அடிக்கு ஓர் அங்குலம் முன்பக்கம் சரிவு. சரிவின் முடிவில் ஒரு குழாய், அதன் அடியில் ஒரு வாளி. கசிவு மழைநீர் வடிகாலில் இறங்கவே கூடாது.

இடைவெளிகளுக்கு உள்ளே அரை அங்குலக் கண் உள்ள வெல்ட் மெஷ் அடித்தால் எலி நுழையாது. மேலே தகரக் கூரை, நாலு பக்கமும் ஒன்றரை அடி வெளியே நீட்டிக்கொண்டு. வாடைக்காற்றில் மழை சாய்ந்து அடிக்கும் பக்கம் ஒரு தார்ப்பாய்த் திரையும் வேண்டும்.

8. நிரப்பும் முறை

அடியில் அரை அடி உயரத்துக்குச் சுள்ளியும் தேங்காய் ஓடும். அதன் மேல் ஒரு சாக்குச் சருகு. காற்று கீழிருந்து மேலே ஏறும் வழி இதுதான்.

ஈரக் குப்பையை முதலில் சல்லடைக் கூடையில் கால் மணி நேரம் வடிய விடுங்கள். வாழைத்தண்டு, முட்டைக்கோஸ் தோல், வாழையிலை, பூசணி இவற்றை இரண்டு அங்குலத் துண்டாக வெட்டுங்கள். மரக்கட்டையும் அரிவாளும் போதும், இந்த அளவுக்கு இயந்திரம் தேவையில்லை. அரைத்துக் கூழாக்குவது நல்லதென்று பலர் நினைக்கிறார்கள், கூழில் காற்று போகாது.

சாந்துச் சட்டியால் அளந்து போடுங்கள். நாளைக்கு எட்டுச் சட்டி ஈரக் குப்பை வரும். நொறுக்கிய சருகும் எட்டு முதல் பத்துச் சட்டி. தரையிலேயே கொட்டிக் கலந்து, பிறகு தொட்டியில் இடுங்கள். அடுக்கடுக்காகப் போட்டால் ஈரம் ஒரு படலமாகவும் சருகு ஒரு படலமாகவும் நின்றுவிடும். ஆனால் அன்றன்று கடைசியாக மேலே மூன்று அங்குலச் சருகு மட்டும் போர்த்த வேண்டும். ஈ முட்டை வைக்கும் வழியை அடைப்பது இந்தப் போர்வைதான். பத்து நிமிடத்தை மிச்சம் பிடிக்க இதை விடுகிற கூடங்களில்தான் ஈ மொய்க்கிறது.

தூண்டிவிட முதல் தொட்டிக்கு மட்டும் 5 கிலோ சாணத்தை 20 லிட்டர் தண்ணீரில் கரைத்து, அதில் நாளைக்கு இரண்டு லிட்டர் தெளியுங்கள். புளித்த மோரும் ஆகும், ஒரு லிட்டருக்குப் பத்து லிட்டர் தண்ணீர். இரண்டாவது தொட்டி முதல் பழைய அரைகுறை உரம் ஒரு சட்டி போதும். காசு கொடுத்து வாங்கும் பொடிகள் தேவையில்லை.

சோறு, குழம்பு, கறி, மீன் மிச்சங்களை முதல் இரண்டு மாதம் வாங்காதீர்கள். சூடு பிடித்துப் பழகிய பின், ஏற்கெனவே சுடும் தொட்டியின் நடுவில் குழி பறித்துப் புதைத்து, அரை அடிச் சருகால் மூடுங்கள்.

9. சூடும் கிளறலும்

கலவை சரியாக இருந்தால் மூன்றாம் நாளிலிருந்து சூடேறி 55 முதல் 65 டிகிரி செல்சியஸுக்குப் போகும். நோய்க்கிருமியும் களைவிதையும் சாவது இந்தச் சூட்டில். நீளத் தண்டு வெப்பமானி வாங்குங்கள். இல்லாவிட்டால் ஓர் இரும்புக் கம்பியை நடுவில் ஐந்து நிமிடம் செருகி எடுத்துப் பிடித்துப் பாருங்கள். கையில் பிடிக்க முடியாமல் சுட்டால் சரி, வெதுவெதுப்பாக இருந்தால் போதாது. 70-ஐத் தாண்டினால் வேலை செய்யும் நுண்ணுயிர்களே சாகும், உடனே கிளறுங்கள்.

தொட்டி நிரம்பி ஏழாம் நாள் முதல் கிளறல். பலகையைக் கழற்றி, முள்வாரியால் காலியான தொட்டிக்கு மாற்றுங்கள். ஓரத்தில் இருந்தது நடுவுக்கும் நடுவில் இருந்தது ஓரத்துக்கும் போக வேண்டும், ஓரம் எப்போதும் வேகாமல் இருக்கும். பிறகு வாரத்துக்கு ஒரு முறை, மொத்தம் நாலு முறை. காலித் தொட்டி ஒன்றே ஒன்றுதான் என்பதால் ஒரு தொட்டியைக் கிளறியதும் அது காலியாகி அடுத்ததற்கு இடம் தரும். ஒவ்வொரு தொட்டிக்கும் ஓர் அட்டை தொங்கவிட்டு நிரம்பிய தேதியை எழுதுங்கள், குப்பை மாறும்போது அட்டையும் கூடவே மாற வேண்டும். அட்டை மாறாமல்தான் வேகாத உரம் சலிப்புக்கு வருகிறது.

ஒவ்வொரு கிளறலிலும் ஒரு கைப்பிடி எடுத்து இறுக்கிப் பிழியுங்கள். விரலிடுக்கில் ஒன்றிரண்டு சொட்டு வந்தால் ஈரம் சரி. ஒழுகினால் சருகு சேருங்கள். கையை விரித்ததும் உதிர்ந்துபோனால் தண்ணீர் தெளியுங்கள், வாளியில் சேர்ந்த கசிவு நீரையே ஊற்றலாம். சித்திரை வெயிலில் ஈரக் குறைவுதான் பெரிய சிக்கல். சூடு இறங்கியதும் 'வெந்துவிட்டது' என்று நினைப்பார்கள், உண்மையில் காய்ந்து நின்றுபோயிருக்கும்.

10. மூக்கால் பழுது பார்ப்பது

அழுகிய முட்டை வாடை: காற்றில்லை. அன்றே கிளறிச் சருகும் சுள்ளியும் சேருங்கள். மேலே தண்ணீர் தெளித்து நாற்றத்தை அடக்கப் பார்ப்பவர்கள் இருக்கிறார்கள், அது இன்னும் மோசமாக்கும்.

மூத்திர வாடை, கண் எரிச்சல்: தழைச்சத்து அதிகமாகி அம்மோனியாவாக வெளியேறுகிறது. பருப்பு, கறி மிச்சம், பச்சைப் புல் அதிகம் வந்திருக்கும். சருகு இரண்டு மூன்று சாக்கு கலந்து கிளறுங்கள்.

புளிச்ச வாடை: சோறும் பழமும் கூடி ஈரமும் கூடியது. மாம்பழக் காலத்தில் இது நிச்சயம் வரும். இரண்டு நாள் புதிதாக ஒன்றும் போடாமல், நார்க்கழிவு கலந்து ஆறவிடுங்கள்.

பழுப்பு நிறத்தில் தடித்த புழு கொத்தாக நெளிந்தால் பதற வேண்டாம். அவை பெரும்பாலும் கறுப்புச் சிப்பாய் ஈயின் புழுக்கள், நோய் பரப்புவதில்லை, குப்பையை வேகமாகத் தின்னும். ஆனால் மேல் போர்வை மெலிந்திருக்கிறது, ஈரம் கூடியிருக்கிறது என்பதன் அடையாளம் அவை. வெள்ளையாகச் சாம்பல் பூத்தது போலப் பரவினால் நல்ல செய்தி, அது மக்கவைக்கும் நுண்ணுயிர். எறும்பு வந்தால் காய்ந்துவிட்டது என்று பொருள்.

11. சலித்தலும் சோதித்தலும்

நாற்பத்தைந்து நாளில் குப்பை கறுத்து, மழை பெய்த மண் வாடை வரும். கால் அங்குலக் கண் சல்லடையில் சலியுங்கள். தங்கும் கட்டையும் ஓடும் புதுத் தொட்டிக்கு விதையாகப் போகட்டும். ஒரு தொட்டியில் 120 முதல் 140 கிலோ உரம் கிடைக்கும். போட்ட எடையில் கால் பங்குதானா என்று ஏமாந்து பேசுவார்கள், மிச்சம் தண்ணீராகவும் கரியமில வாயுவாகவும் போனது, யாரும் திருடவில்லை.

சலித்ததை உடனே கொடுக்காமல் நிழலில் மூன்று வாரம் ஆறப் போடுங்கள். ஒரு கைப்பிடியை ஈரமாக்கிக் காற்றுப்புகாத பையில் மூன்று நாள் மூடி வைத்துத் திறங்கள். நாற்றமடித்தால் இன்னும் முற்றவில்லை. அடுத்து, உரமும் மண்ணும் பாதிப் பாதி கலந்து 10 பச்சைப்பயறு விதையுங்கள். நாலு நாளில் எட்டாவது முளைக்க வேண்டும். முற்றாத உரம் வேரைக் கருக்கும். ஒரு வீட்டுத் துளசி கருகினால் அந்தத் தெருவே உரத்தை வாங்க மறுக்கும்.

தொட்டிச் செடிக்கு மூன்று பங்கு மண்ணுக்கு ஒரு பங்கு உரம். குப்பை கொடுக்கும் ஒவ்வொரு வீட்டுக்கும் முதலில் இரண்டு கிலோ இலவசமாகக் கொடுங்கள், மிஞ்சியது பூங்காவுக்கும் பள்ளிக்கும். பெயர் ஒட்டி விற்க நினைத்தால் உரக் கட்டுப்பாட்டு ஆணையின்படி தரச் சோதனையும் அனுமதியும் வேண்டும்.

12. வழக்கம் உடையும் நாட்கள்

ஆயுத பூஜைக்கு மறுநாள் உடைத்த பூசணியும் வாழைக்கன்றும் ஒரே நாளில் பத்து நாள் அளவுக்கு வந்து குவியும். முந்தின வாரமே ஒரு தொட்டியைக் காலி செய்து வையுங்கள். பூசணியில் தடவிய குங்குமத்தையும், நடுவில் போட்ட காசையும் எடுத்துவிட்டு வெட்டுங்கள். வாழைக்கன்றைத் தொட்டியில் போடாமல் மூலையில் காயவிட்டு, மழை இல்லாத வாரத்தில் நறுக்கிச் சருகோடு சேருங்கள்.

பொங்கலுக்குக் கரும்புச் சக்கை. நார் மக்க நாளாகும், ஆனால் காற்றுக்கு அதைவிட நல்ல அடிப்படுக்கை இல்லை. காயவைத்துச் சுள்ளிக்குப் பதிலாகத் தொட்டியின் அடியில் விரியுங்கள். போகியன்று தெருவில் எரிக்கப் போகும் பழைய பாயையும் துணியையும் டயரையும் முந்தின நாளே வண்டி விட்டு வாங்கிக்கொள்ளுங்கள். டயரும் பிளாஸ்டிக்கும் உலர் குப்பை வண்டிக்கு, கோரைப்பாயைக் கத்தரித்துச் சருகு மூட்டையோடு.

தொடர் மழையில் வண்டி வராத நாளுக்கு வீடுகள் என்ன செய்ய வேண்டும் என்பதை செப்டம்பரிலேயே சொல்லி வையுங்கள். வாளியில் ஒரு கைப்பிடிச் சருகோ கிழித்த செய்தித்தாளோ தூவி மூடி வைத்தால் இரண்டு நாள் தாங்கும். அதற்கென்று வீட்டுக்கு ஒரு சின்னப் பை சருகை மழைக்கு முன்பே கொடுத்துவிடுங்கள்.